பச்சைத் தோலும் பழைய இசைத்தட்டும்

பழையவை போவதும் புதியவை வருவதும் காலத்தின் இயல்பு, அதில் குற்றமில்லை என்று இலக்கண வகுப்பில் நன்னூல் நமக்குக் கற்பிக்கிறது. ஆனால் போன பழையது ஒரு நாள் திரும்பி வந்தால் என்ன செய்வது? அதுவும் கடல் கடந்து, புதிய உறை அணிந்து, பன்மடங்கு விலையோடு வந்து நம் வீட்டு வாசலில் நின்றால் என்ன செய்வது? இதற்கு நன்னூலில் விடை இல்லை. ஆகவே நாங்களே சற்றுச் சிந்தித்துப் பார்த்தோம். எங்கள் கருத்தில் பிழை இருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இந்தச் சிந்தனைக்குக் காரணம் ஓர் இசைத்தட்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா ஆம்பூரில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். இளமை முதல் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைப்பவர். தொழில் நிமித்தம் வெளிநாடு சென்று திரும்பியபோது, தோசைக்கல் அளவில் கறுப்பு இசைத்தட்டு ஒன்றை வாங்கி வந்தார். 1971ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்து, இப்பொழுது மீண்டும் அச்சிடப்பட்ட தட்டு அது. இசைத்த குழுவின் பெயர் புளூஸ் கிரியேஷன். தட்டின் பெயர் 'டீமன் அண்ட் லெவன் சில்ட்ரன்'. பேயும் பதினொரு பிள்ளைகளும் என்று பொருள். பெயரைக் கேட்டதும் எங்கள் இசை ஆசிரியையான அருட்சகோதரியின் புருவம் சற்றே உயர்ந்தது. ஆயினும் ஒரு சனிக்கிழமை மாலை, இசை அறையிலுள்ள பழைய ரெக்கார்ட் பிளேயரில் அதைக் கேட்க அனுமதி தந்தார்.

முள் தட்டைத் தொட்டதுதான் தாமதம், கிட்டார் அலறியது. டிரம் இடித்தது. எங்களில் இருவர் காதைப் பொத்திக்கொண்டனர். "சிஸ்டர், இது பாட்டா, சண்டையா?" என்று ஒருத்தி கேட்டாள். "முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகளே" என்றார் அவர். கேட்டோம். இரண்டாம் முறை கேட்டபோது அலறலுக்குள் ஓர் அழுகை இருப்பது புரிந்தது. காரணத்தை அருட்சகோதரி விளக்கினார். புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் துயரத்தை ஆற்றிக்கொள்ளப் பாடிய பாட்டு. அது இங்கிலாந்துக்குச் சென்று மின்சாரக் கிட்டாரில் ஏறிற்று. 1960களின் பிற்பகுதியில் அதனோடு எதிரொலியும் சுழலும் ஓசைகளும் கலந்து, கேட்பவர் கனவில் மிதப்பதுபோல் ஆக்கும் 'சைக்கடெலிக்' என்னும் பாணி பிறந்தது. அங்கிருந்து அது ஜப்பானை அடைந்தது. கசுவோ தக்கேடா என்னும் கிட்டார் கலைஞர் புளூஸ் கிரியேஷன் குழுவை அமைத்தார். அதே 1971இல் ஃபிளவர் டிராவலிங் பேண்ட் என்னும் மற்றொரு குழு 'சட்டோரி' என்ற தட்டை வெளியிட்டது. ஒரு மக்களின் கண்ணீர் மூன்று கண்டங்களைச் சுற்றி வந்து எங்கள் வேலூர் மண்ணில் ஒலித்ததை எண்ணி வியந்தோம்.

இசையைவிட எங்கள் கண்ணைக் கவர்ந்தது வேறொன்று. தட்டின் உறைமேல், புடவைக் கரைபோல், ஒரு காகிதப் பட்டை சுற்றப்பட்டிருந்தது. அதில் ஜப்பானிய எழுத்தில் குழுவின் பெயரும் தட்டின் பெயரும் இருந்தன. ஜப்பானியர் இதனை 'ஓபி' என்பர். கிமோனோ உடைமேல் கட்டும் இடைக்கச்சைக்கும் அதுவே பெயர். அந்நாட்டு நிறுவனங்கள் தங்கள் பழைய தட்டுகளைக் குறுந்தகடாக மறுவெளியீடு செய்யும்போதுகூட, பழைய அட்டை உறையையே சிறிய அளவில் அச்சாகச் செய்து, இந்தக் கச்சையையும் கட்டி விற்கிறார்கள். வெளிநாட்டாரும் ஜப்பானிய இசையைத் தேடாமல் இல்லை. ஜூலியன் கோப் என்னும் ஆங்கிலேயப் பாடகர் 2007இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். லைட் இன் தி அட்டிக் என்னும் அமெரிக்க நிறுவனம் 2017 முதல் பழைய ஜப்பானிய இசையை வரிசையாக வெளியிட்டது. ஆனால் ஜப்பானியர் தங்கள் பொருளின் இடுப்புக் கச்சையைத் தாங்களே கட்டத் தெரிந்தவர்கள்.

"அப்படியானால் நம் நாட்டில் இப்படி யாரும் வாசிக்கவில்லையா?" என்று தோழி கேட்டாள். கேள்வி எங்களைத் தைத்தது. தேடிப் பார்த்தோம். கிடைத்த விடைகள் எங்களை மகிழ்வித்தன. பின்பு வருத்தின.

1970, 1971 ஆகிய ஆண்டுகளில் 'சிம்லா பீட்' என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டுகள் நம் நாட்டில் வெளிவந்தன. இளைஞர் இசைக்குழுக்களுக்காக நடந்த அகில இந்தியப் போட்டியில் கலந்துகொண்டவர்களின் பாடல்கள் அவை. ஷில்லாங், பெங்களூர் போன்ற ஊர்களிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்தன. ஜப்பானிய இளைஞர் வாசித்த அதே ஆண்டுகளில், அதே பாணியில், நம் அண்ணன்மாரும் வாசித்தனர். 1970களில் பம்பாயில் இயங்கிய அட்டாமிக் ஃபாரஸ்ட் என்ற குழுவின் 'அப்செஷன் 77' என்னும் தட்டும் அத்தகையதே. காலப்போக்கில் இவற்றை நாம் மறந்தோம். யார் நினைவு வைத்திருந்தார்கள்? சிம்லா பீட் தட்டுகள் ஐரோப்பாவில் மறுவெளியீடு கண்டன. அட்டாமிக் ஃபாரஸ்டின் தட்டை 2011இல் அமெரிக்காவின் நவ் அகெய்ன் நிறுவனம் மீண்டும் வெளியிட்டது. இந்தத் தலைமுறையின் கதையை 2014இல்தான் சித்தார்த் பாட்டியா என்னும் பத்திரிகையாளர் 'இந்தியா சைக்கடெலிக்' என்ற ஆங்கில நூலாக எழுதினார்.

இன்னும் இரண்டு கதைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது சரண்ஜித் சிங் என்பவரின் கதை. இந்தித் திரைப்படப் பாடல்களுக்குப் பின்னணியில் கிட்டார் முதலிய கருவிகளை வாசித்தவர். 1982இல் அவர் ஒரு புதுமை செய்தார். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் செய்த மூன்று மின்னணுக் கருவிகளைக் கொண்டு, நம் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். எச்.எம்.வி. அதை வெளியிட்டது. வாங்கினோர் சிலரே. இருபது ஆண்டுகள் கழித்து, 2002இல், ஏடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் தில்லிக் கடையொன்றில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் அவருடைய பாம்பே கனெக்ஷன் நிறுவனம் அதை மறுவெளியீடு செய்தது. மேல்நாட்டில் 1980களின் பிற்பகுதியில் பிறந்ததாகக் கருதப்பட்ட ஒரு நடன இசையின் ஓசை, அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே பம்பாயில் ஒலித்திருக்கிறது என்று உலகம் வியந்தது. எழுபது வயதைக் கடந்தபின் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015இல் மறைந்தார். அந்த டச்சுக்காரர் அன்று அந்தக் கடைக்குள் நுழையாமல் போயிருந்தால்?

இரண்டாவது ஒரு பெண்ணின் கதை. பெண்கள் பள்ளியில் படிக்கும் எங்களுக்கு அது மேலும் நெருக்கமானது. ரூபா பிஸ்வாஸ் கல்கத்தாவைச் சேர்ந்த பாடகி. கனடாவுக்குச் சென்றிருந்தபோது, கால்கரி நகரில், சரோத் கலைஞர் ஆஷிஷ் கான் முதலியோருடன் சேர்ந்து 'டிஸ்கோ ஜாஸ்' என்னும் தட்டைப் பதிவு செய்தார். 1982இல் அது நம் நாட்டில் வெளிவந்தது. விற்கவில்லை. அவர் குடும்ப வாழ்க்கையில் ஆழ்ந்தார். பாடகி என்ற பெயரே மறைந்துவிட்டது. பல்லாண்டுகள் கழித்து, அந்தத் தட்டை அயல்நாட்டார் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள் என்ற செய்தியை அவருடைய மகன்தான் இணையத்தில் கண்டு தாயிடம் சொன்னார். 2019இல் சிகாகோவின் நியூமரோ குரூப் முறைப்படி அதை மறுவெளியீடு செய்தது. ஒரு தாய் பாடகி என்பதை உலகம் அறிந்திருந்தும் அவரே அறியாமல் சமையலறையில் நின்றிருந்தார் என்பதை எண்ணும்போது எங்கள் நெஞ்சம் கனத்தது. எங்கள் அம்மாக்களில் எத்தனை பேர் திருமணத்துக்கு முன் பாடினார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லையே!

வடநாட்டுக் கதைகள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நம் இசைஞானி இளையராஜா 1977 முதல் 1983 வரை அமைத்த பாடல்களில் சிலவற்றைத் தொகுத்து, 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் தட்டாக வெளியிட்டதும் ஓர் ஆங்கிலேய நிறுவனமே. அந்நிறுவனத்தின் பெயர் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ். ஆங்கிலேயச் சிறுவர்கள் விளையாட்டில் சொல்லும் சொல் அது. 'கண்டெடுத்தவருக்கே சொந்தம்' என்று பொருள். வேடிக்கையாக வைத்த பெயர்தான். அவர்கள்மீது எங்களுக்குக் குறையில்லை. ஆனாலும் அந்தப் பெயர் எங்களை உறுத்துகிறது. ஒரு பொருள் தொலைத்தவருக்குச் சொந்தமா, கண்டெடுத்தவருக்குச் சொந்தமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எங்கள் ஊர்களைவிடத் தகுதியான ஊர்கள் இல்லை என்று துணிந்து சொல்வோம். ஏன் என்கிறீர்களா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பிழைப்பு தோல். பச்சைத் தோலைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அது அழகான பொருளன்று. உப்பும் நாற்றமுமாக வந்து இறங்கும். அதைக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, பதனிட வேண்டும். நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பிறகு சாயமேற்றி, மெருகிட்டால்தான் அது தொட்டால் வழுக்கும் தோலாகும். வெகுகாலம் நாம் இதில் பாதி வேலையை மட்டுமே செய்தோம். பச்சையாகவோ, பாதி பதனிட்டோ கப்பலேற்றினோம். மீதி வேலையையும் மீதி இலாபத்தையும் மேல்நாட்டார் எடுத்துக்கொண்டனர். 1972இல் சீதாராமையா குழு இதை ஆராய்ந்தது. 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதியை அரசு தடை செய்தது. பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு கட்டியது. முழுப் பொருளாகச் செய்து அனுப்புங்கள் என்றது. அன்று பலர் அஞ்சினர். ஆனால் அதன்பின் அல்லவா நம் ஊர்களில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின! இன்று காலையில் நிறுவனப் பேருந்துகளில் கூட்டம் கூட்டமாக வேலைக்குச் செல்லும் அக்காமார்களைப் பார்க்கிறோமே, அவர்களின் வேலை அந்த முடிவின் கனியும் அல்லவா?

இசைக்கும் இதே வழக்குத்தான். தூசி படிந்து, கீறல் விழுந்து, பெயர் தெரியாமல் பழைய கடையில் கிடக்கும் தட்டு ஒரு பச்சைத் தோல். அதன் மூல ஒலிநாடாவைத் தேட வேண்டும். அது கிடைக்காவிட்டால் உள்ளவற்றில் நல்ல பிரதியைக் கழுவி, ஒலியை வாங்கி, கரகரப்பை நீக்க வேண்டும். வாசித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று விசாரித்து எழுத வேண்டும். உரிமையாளரிடம் ஒப்புதல் பெற வேண்டும். பிறகு உறையிட்டு வெளியிட வேண்டும். மறுவெளியீடு என்பது இதுதான். இது முழுக்க முழுக்கப் பதனிடும் வேலை. இந்த வேலையை நாம் செய்யாமல் பச்சையாகவே விட்டுவிடுகிறோம். பிறர் பதனிட்டு அனுப்பும்போது சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, "ஆகா, நம்முடையது!" என்று மகிழ்கிறோம். 1973இல் தோலுக்குச் செய்ததைப் பாட்டுக்கு இன்னும் செய்யவில்லை என்பதே எங்கள் வாதம்.

இசைத்தட்டின் வரலாறே இதற்குச் சான்று. முன்னாளில் 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. உலகின் அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்து சென்றது. மரக்கிளையில் சிறுபூச்சி கசிந்த பிசினை நாம் அனுப்பினோம். அது பாட்டாகத் திரும்பி வந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி பாடிப் பதிவு செய்தார். பதிவான மூலத்தைத் தட்டாக அச்சிட இங்கே ஆலை இல்லை. ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அனுப்பினர். அங்குள்ள தொழிலாளருக்கு நம் மொழியும் தெரியாது, பாடியவரும் தெரியாது. ஆகவே பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சில ஆண்டுகளில், 1908இல், கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை வந்தது. ஆலை வந்தபின் பாட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் பெயர் சொல்லும் வழக்கமும் மெல்ல நின்றுவிட்டது.

பெயர் என்றதும் எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் தோழியர் பலரின் அம்மாக்கள் காலணி நிறுவனங்களில் அப்பர் தைக்கிறார்கள். ஒரு சோடிக் காலணி எத்தனையோ கைகளைக் கடந்து உருவாகிறது. கடையில் அது பளபளக்கும்போது அதன்மேல் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அது தைத்தவர் பெயரன்று. திரைப்படத் தட்டுகளும் அவ்வாறே. பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும். கிட்டார் வாசித்தவர், தபேலா வாசித்தவர், கோரஸ் பாடிய பெண்கள் ஆகியோரின் பெயர் பெரும்பாலும் இராது. சரண்ஜித் சிங் வாழ்நாளெல்லாம் அப்படிப் பெயரின்றி வாசித்தவரே. ஆகவே மறுவெளியீட்டின் முதல் கடமை ஒலியைத் தூய்மை செய்வதன்று, பெயரை மீட்டுத் தருவது என்று நாங்கள் கருதுகிறோம்.

எங்கள் கருத்தை மறுப்போர் உண்டு. வகுப்பிலேயே இருந்தனர். அவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும்.

"இந்தக் கூச்சலை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? சிகரெட் விற்பதற்காக நடத்திய போட்டிதானே?" என்றாள் ஒருத்தி. உண்மை. சிம்லா என்பது ஒரு சிகரெட்டின் பெயர். புகையிலை நிறுவனமே அந்தப் போட்டியை நடத்தியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் இத்தகைய விளம்பரம் நடவாது. அது நல்லதே. அந்நாளைய சைக்கடெலிக் இசையோடு போதைப் பழக்கமும் சேர்ந்து வந்ததையும் நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தட்டை அழித்துவிட்டால் அந்தத் தவறும் மறைந்துபோகும், அதிலிருந்து கற்கும் பாடமும் மறைந்துபோகும். உறையில் அந்தக் கதையையும் எழுதி வெளியிடுவதே நேர்மை. கிட்டார் வாசித்த இளைஞன் சிகரெட்டுக்காக வாசிக்கவில்லை. வேறு மேடை கிடைக்காததால் அந்த மேடையில் ஏறினான்.

"வெளிநாட்டார் செய்யாவிட்டால் எல்லாமே அழிந்திருக்கும். அவர்களைக் குறை சொல்லலாமா?" என்றாள் மற்றொருத்தி. குறை சொல்லவில்லை. நன்றியே சொல்கிறோம். குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்தவன் கைக்கு முத்தமிடலாம். எங்கள் கோபமெல்லாம் குப்பையில் போட்டவர்கள்மீது. அவர்கள் நாமே.

"கைபேசியில் எல்லாப் பாட்டும் இலவசமாகக் கிடைக்கிறதே!" என்றாள் மூன்றாமவள். கிடைக்கிறது. ஆனால் யார் வாசித்தது என்று அதில் தேடிப் பாருங்கள். சில வேளை ஆண்டு தவறு, சில வேளை படத்தின் பெயரே தவறு. பெயரில்லாமல் கிடைக்கும் பாட்டு, தாய் தந்தை தெரியாமல் வளரும் பிள்ளை போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிலைக்கும். அதன்படி 1970ஆம் ஆண்டுத் தட்டு 2030 முடியும்வரை ஒருவருக்கு உரியது. 1982ஆம் ஆண்டுத் தட்டு 2042 முடியும்வரை. அந்த உரிமை பெரும்பாலும் தட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சாரும், வாசித்தவரைச் சாராது. 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தொடர்ந்து பங்கு கிடைக்க வழி செய்தது. நிகழ்த்திய கலைஞர், 'இது நான் நிகழ்த்தியது' என்று தம் பெயரைக் கோரும் உரிமையையும் தந்தது. கௌஹர் ஜான் 1902இல் தாமே உரக்கச் சொல்லிப் பெற்ற உரிமை, 110 ஆண்டுகள் கழித்து ஏட்டில் ஏறியது!

மற்றொரு சட்டமும் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சென்னைக் கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட சில நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். அச்சிட்ட இசைக்குறிப்புத் தாளும் அதில் அடங்கும். ஆனால் பாடிய குரல் அடங்கவில்லை! தாளில் எழுதிய ராகத்துக்கு இடமுண்டு, தொண்டையில் பிறந்த ராகத்துக்கு இடமில்லையா? ஒவ்வோர் ஒலிப்பதிவும், ஒவ்வொரு மறுவெளியீடும் ஒரு படியாவது பொது நூலகத்திற்கு வரவேண்டும் என்று சட்டம் செய்தல் வேண்டும். அப்பொழுதுதான் சில ஆயிரம் ரூபாய் கொடுக்க இயலாத எங்களைப் போன்ற பிள்ளைகளும் கேட்க முடியும்.

"இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா?" என்று மலைப்போருக்கு ஒரு தமிழரின் பெயரைச் சொல்வோம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. அவர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே வைத்து நூலகமாக்கினர். தமிழர் சேர்த்தார், அமெரிக்கர் பணம் தந்தனர், பொருள் தமிழ் மண்ணிலேயே பதமாயிற்று. வெளிநாட்டாரோடு சேர்ந்து உழைப்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா? இசைத்தட்டுகளுக்கும் இத்தகைய ஒப்பந்தம் ஏன் கூடாது?

சட்டமும் ஒப்பந்தமும் பெரியோர் செய்ய வேண்டியவை. சிறியவர்களாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்? முடியும் என்றே நினைக்கிறோம்.

எங்கள் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் தட்டுகளும் கேசட்டுகளும் கிடக்கின்றன. பங்கு ஆலயப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கேசட் ஒன்றை நாங்களே கண்டெடுத்தோம். பாடியவர் பெயரோ, ஆர்மோனியம் வாசித்தவர் பெயரோ அதில் இல்லை. ஆண்டும் இல்லை. ஆர்மோனியப் பெட்டியின் காற்றுச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. விசாரித்தோம். பங்கிலுள்ள முதிய அம்மையார் ஒருவர் கேட்டவுடனே, "இது என் குரல்தானம்மா" என்றார். பிறகு பேச்சு வராமல் அழுதார். அவர் பெயரைக் கேசட்டின் மேல் நாங்கள் எழுதினோம். எங்கள் முதல் மறுவெளியீடு அதுதான்!

ஆகவே அன்புத் தோழியரே, ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள தட்டுகளையும் கேசட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படாமல் பாருங்கள். கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். யார் பாடினார், யார் வாசித்தார், எந்த ஆண்டு என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். திருமணங்களில் பேண்டு வாசித்தவர், திருவிழாவில் பறையடித்தவர், பாடற்குழுவில் பின்வரிசையில் நின்றவர், எவர் பெயரையும் விடாதீர்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கல்லறையில் கேட்டு எழுத முடியாது.

விவிலியத்தில் ஆண்டவர் சொன்ன உவமையில், தன்னிடம் தந்த தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியன் அதைத் திருடவுமில்லை, செலவழிக்கவுமில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தான். ஆயினும் தலைவனின் கோபத்துக்கு ஆளானான். பரணில் பத்திரமாக மக்கும் பாட்டுக்கும் அதுவே கதி. இன்னோர் உவமையில், காணாமற்போன ஒரே ஒரு வெள்ளி நாணயத்துக்காக ஒரு பெண் விளக்கேற்றி வீடெல்லாம் பெருக்குகிறாள். கண்டெடுத்ததும் அண்டை வீட்டாரையெல்லாம் அழைத்து மகிழ்கிறாள். தேடியவள் பக்கத்து வீட்டுக்காரி அல்லள், தொலைத்தவளேதான்.

தொலைத்தவருக்குச் சொந்தமா, கண்டெடுத்தவருக்குச் சொந்தமா என்று மேலே கேட்டோம். விளக்கேற்றித் தேடுபவருக்கே சொந்தம் என்பது எங்கள் விடை. விளக்கும் நம்மிடம் இருக்கிறது, துடைப்பமும் நம்மிடம் இருக்கிறது. தோலைப் பதனிடத் தெரிந்த ஊர்க்காரர்களுக்குப் பாட்டைப் பதனிடவா தெரியாது?

தேடுவோம். பெயர் எழுதுவோம். நம் பாட்டுக்கு நாமே கச்சை கட்டுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி